மில் கேட்டில் சொல்ல வேண்டியது

தனுஷ்கோடி திருந்திவிட்டான் என்று என்னிடம் வந்து சொன்னவள் ஞானபாக்கியம். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டுகிற வேலையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம். நல்ல சேதி கொண்டுவந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். குடியை விட்டுவிட்டானாம். மஞ்சள் காமாலை வந்து சாகக் கிடந்தவன் ஜெபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். இப்போது வெள்ளை ஜிப்பா போட்டு, ஊர் ஊராகப் போய் மைக் பிடித்துப் பேசுகிறானாம்.

கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு நான் என்னட்டி செய்யணும்? குலவை போடணுமா?"

அவள் துணியைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். அது எண்பத்தேழாம் வருஷம்.

யாரைக் கேட்டு அவன் திருந்தினான்? கேட்பது நியாயமா இல்லையா என்று முழுசையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் கருத்தம்மாள். என் வீட்டுக்காரர் பெயர் பால்சாமி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவருக்கு வேலை. மில்லின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கேஸ் போடுவார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடக்க என் முழங்காலில் தெம்பில்லை. நூலைக் கோனில் சுற்றி முடித்ததும் எடுத்து அடுக்கிக் கட்டுகிற இடத்தில் அவர் இருந்தார். அங்கே மேஸ்திரி தனுஷ்கோடி. அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தனுஷ்கோடிதான். அதனால் அவரும் நானும் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பொங்கலுக்கு முதல் கரும்பு அவன் வீட்டுக்குத்தான் போகும்.

அந்த அண்ணாச்சி கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் முழு நூல் கோன்களைப் பொதிந்து லாரியில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார். பார்த்தவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இவர் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

எண்பத்துநான்கு புரட்டாசியில் ஆபீசில் சரக்கு குறைகிறதென்று சத்தம் எழுந்தது. நாலாம் நாள் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது வாட்ச்மேன் பேச்சிமுத்து என் வீட்டுக்காரரின் சோற்றுப் பையைத் திறந்து பார்த்தார். தூக்குவாளிக்கு அடியில் நாலு கோன் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் மில்லில் திருட்டுக்குப் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். கேட்டில் நிறுத்துவார்கள். திருடிய பொருளைச் சணலில் கோத்துக் கழுத்தில் மாட்டி, கேட்டை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். மூன்று ஷிப்டு ஜனமும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பார்க்க வேண்டும். மூணு மணிச் சங்கு, பதினொரு மணிச் சங்கு, காலை ஏழு மணிச் சங்கு. மூன்றும் ஊதி முடித்த பிறகுதான் சணலை அவிழ்ப்பார்கள். எண்ணூறு பேர் வேலை பார்த்த மில். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நாலு வெள்ளைக் கோனையும் நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "நான் எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். யாரு கேட்டா."

அதிலிருந்து ஆறாம் நாள்தான் மூட்டை, லாரி, தனுஷ்கோடி எல்லாவற்றையும் சொன்னார். "வேலை வாங்கிக் குடுத்த மனுசன காட்டிக் குடுக்க மனசு வரல கருத்தம்மா" என்றார். நல்ல மனசு. அந்த நல்ல மனசை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

எட்டாம் நாள் செத்துப்போனார். எப்படி என்று எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தனுஷ்கோடி வந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். என் முன்னால் வந்து நின்று, "எல்லாம் விதி தாயி" என்றான். நான் மண்ணை அள்ளி அவன் மேல் எறிந்தேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு மில் ஆபீசுக்கும் போய்ச் சொன்னேன். திருடன் பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்று ஒருவன் சிரித்தான். அதோடு அது முடிந்தது.

எனக்கு ஒரே மகள், பரிபூரணம். அப்போது அவளுக்குப் பதினோரு வயசு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கோன் என்று பெயர் வைத்தார்கள். வயசுக்கு வந்து, பெண் பார்க்கிற காலம் வந்தபோது, ஆலங்குளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துப் பிடித்திருக்கிறது என்றது. திரும்பிப் போகிற வழியில் மில் கேட்டுக்கு எதிரே டீ குடித்திருக்கிறார்கள். "அந்தக் கோன் கள்ளன் மகளா?" என்று டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறான். அவர்கள் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

எனக்குத் தனுஷ்கோடியின் உயிர் வேண்டாம். அவன் செத்தால் உண்மையும் அவனோடு குழிக்குள் போய்விடும். எனக்கு அவன் வாய் வேண்டும். பால்சாமி கோன் எடுக்கவில்லை, நான்தான் எடுத்து அவன் பையில் வைத்தேன் என்று அந்த வாய் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் நான் சோறு தின்றேன், தண்ணீர் குடித்தேன், காலையில் எழுந்திருந்தேன்.

அதனால் அவன் பேசுகிற கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் முதலில் தான் செய்த பாவத்தையெல்லாம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாவத்துக்கும் ஜனங்கள் அல்லேலூயா, ஸ்தோத்திரம் என்று சத்தம் கொடுப்பார்கள். பாவத்தை ஒப்புக்கொள்ள ஆண்டவர் தைரியம் கொடுத்தாரே என்று அந்தச் சத்தம். எல்லாப் பாவத்தையும் சொல்கிறவன் இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்? வ. புதுப்பட்டியில் அவன் பேசுகிறான் என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

சொன்னான். குடித்ததைச் சொன்னான். பெண்டாட்டியை அடித்ததைச் சொன்னான். சீட்டு விளையாடியதைச் சொன்னான். கோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூமாப்பட்டிக்குப் போனேன். அங்கே பாவம் இன்னும் பெருத்திருந்தது. அரிவாள் தூக்கி ஒருவன் கையை வெட்டியதாகச் சொன்னான். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இவனாவது, அரிவாளாவது. ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னால்கூட அரிவாளைப் பக்கத்து ஆளிடம் கொடுக்கிறவன். பெரிய பாவியாக இருந்தால்தானே பெரிய பரிசுத்தவான் ஆகலாம்? இல்லாத பாவத்தையெல்லாம் இரவல் வாங்கிச் சொன்னான், இருக்கிற ஒன்றை மட்டும் முழுங்கினான். பதினோரு கூட்டம் போனேன். அவன் வாயிலிருந்து என் வீட்டுக்காரர் பெயர் வரவே இல்லை.

சரி, அவன் சொல்லாவிட்டால் அவன் மேடையில் ஏறி நான் சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன். அவனை மகானாகப் பார்க்கிற ஜனங்கள் முன்னால் அவன் துணியை உரிக்க வேண்டும். ஞானபாக்கியத்திடம் நைசாகக் கேட்டேன்.

"ஏட்டி, அந்த மைக்குல யாரு வேணாலும் பேசலாமா?"

"முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவிய பேசலாம். அதுக்கு முன்னால வகுப்புக்கு வரணும். ஒரு வசனமாவது தானா எழுத்துக் கூட்டி வாசிக்கணும். ஏன், உனக்கு அந்த எண்ணம் வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் வீட்டுக்குப் போனேன். கறுப்பு அட்டைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். முப்பத்தாறு வயசு வரைக்கும் கைநாட்டு வைத்தவள் நான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எதிரே வந்த பஸ்ஸின் போர்டு தானாக வாயில் வந்தது. சத்திரப்பட்டி வழி. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக வாசித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டதற்காக வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். பழி வாங்கப் போகிறவளுக்குப் பஸ் போர்டில் என்ன சந்தோஷம்?

வகுப்புக்குத் தனுஷ்கோடியும் சில வாரம் வருவான். முதல் தடவை என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. மூன்றாம் வாரம் பக்கத்தில் வந்து, "கருத்தம்மா, நீ வந்தது எனக்கு எம்புட்டு ஆறுதல் தெரியுமா" என்றான். நான் வந்ததே அவனுக்கு விடுதலைச் சீட்டாகிவிட்டது. அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை, அவனும் எதையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றியொன்றில் அய்யனார் கோயில் போகிற பாதையில் ஒரு மாந்தோப்பு பம்ப்செட் தொட்டியில் எனக்கு முழுக்கு. தொட்டிக்குள் நின்று என்னை முக்கி எடுத்தது தனுஷ்கோடியின் கை. ஒரு கை என் பிடரியில், ஒரு கை என் நெற்றியில். என் வீட்டுக்காரர் பையில் கோன் வைத்த கை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் என்ன என்று தோன்றியது. மூச்சு முட்டி மேலே வந்தபோது பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பொய்யாக எடுத்த முழுக்குக்கு உடம்பு ஏன் லேசாக வேண்டும்?

தொண்ணூற்றியிரண்டு மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டியூப் லைட் வரிசைக்குப் பின்னால் கோயில் கோபுரம் தெரிந்தது. மேடையில் தனுஷ்கோடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கால் நடுங்காமல் மேடை ஏறினேன். எட்டு வருஷமாக நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அது.

"எம் பேரு கருத்தம்மா. என் வீட்டுக்காரரு பேரு பால்சாமி" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம்.

"அவிய மில்லுல வேலை பாத்தாவ. கோன் திருடுனதா சொல்லி மூணு சங்கு ஊதுற வரைக்கும் கேட்டுல நிக்க வச்சாக."

"அல்லேலூயா."

எதற்கு அல்லேலூயா? மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"எட்டாம் நாள் செத்துப்போனாவ. அவிய கோன் எடுக்கல. எடுத்து அவிய பைக்குள்ள வச்சது, இந்தா நாற்காலியில உக்காந்திருக்காரே, இந்த தனுஷ்கோடி."

ஒரு நிமிஷம் மைதானத்தில் ஈ பறக்கிற சத்தம் இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தித்தித்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். எழுந்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். வந்து நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

"உண்மைதான். நான்தான் செஞ்சேன். மகா பாவி நான்" என்று அழுதான்.

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அல்லேலூயா என்று அவர்கள் போட்ட சத்தத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. கஞ்சிரா தட்டினார்கள். பெண்கள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கீழே கிடந்தவன் அழுதது நிஜம், கண்ணீர் என் பாதத்தில் விழுந்தது. ஆனால் அந்த மூஞ்சியை எனக்குத் தெரியாதா? நிம்மதியாக இருந்தான் அவன். இத்தனை நாள் இரவல் பாவத்தை வைத்து ஒப்பேற்றியவனுக்குச் சொந்தமாக ஒரு பெரிய பாவம் கிடைத்துவிட்டது. இனிமேல் எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வான். அவன் துணியை உரிக்க வந்த நான் அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டேன். மடச்சி, மடச்சி. பதினோரு கூட்டம் போய் உட்கார்ந்து, அந்த ஜனம் எதற்குச் சத்தம் போடும் என்று கண்ணால் பார்த்தவள், அதே இடத்தைப் போய்த் தேர்ந்தெடுத்தேனே.

கூட்டம் நடத்துகிறவர் மைக்கை என் வாயருகே பிடித்தார். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க சகோதரி. ஒரே வார்த்தை."

"மாட்டேன்" என்றேன்.

அது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

"ராஜபாளையத்துல, மில் கேட்டுல, மூணு மணிக்கு ஷிப்டு மாறும்போது வந்து நின்னு சொல்லும். பொறவு பாப்போம்."

அதற்கும் பின்னாலிருந்து யாரோ ஒருவர் ஸ்தோத்திரம் என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துத் தனுஷ்கோடி என் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்று பேசினான்.

"கேட்டு மட்டும் வேண்டாம் தாயி. எம் மகன் சங்கிலிப்பாண்டி அங்கதான சூப்பர்வைசரா இருக்கான். என் முகத்துக்காக முதலாளி குடுத்த வேலை. நான் போய் நின்னு சொன்னா மறுநாளே அவன வெளிய அனுப்பிருவாக. பிள்ளகுட்டிக்காரன். ஆயிரம் பேரு முன்னால உன் காலுல விழுந்துட்டேனே, இன்னும் என்ன வேணும்?"

"அந்த ஆயிரம் பேருக்கும் அவியளத் தெரியுமா? அவிய கழுத்துல கோன் தொங்குனத அவங்க பாத்தாங்களா? அங்க சொன்னா உமக்குக் கஞ்சிரா தட்டுவாக. இங்க சொன்னா கஞ்சி போயிரும். அதான அண்ணாச்சி பயம்?"

எட்டு வருஷம் கழித்து அவனை அண்ணாச்சி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். வேண்டுமென்றே கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு ரொம்ப நேரம் நிலையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. எட்டு வருஷமாக அவன் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் இல்லையா? அன்றைக்கு ஆபீசில் ஒருவன் சிரித்ததும் அழுதுகொண்டு திரும்பியவள் வேறொருத்தி. நான் மைக் பிடித்தவள். ஆயிரம் பேர் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது மாட்டேன் என்று சொன்னவள்.

அடுத்த திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு மில் கேட்டில் போய் நின்றேன். மூணு மணிச் சங்கு ஊதியது. வெளியே வந்த ஜனங்களைப் பார்த்து, "பால்சாமி கோன் திருடல. திருடுனது மேஸ்திரி தனுஷ்கோடி" என்றேன். முதல் தடவை சத்தம் பத்தவில்லை. இரண்டாம் தடவை நன்றாக வந்தது. சிலபேர் சிரித்தார்கள். பைத்தியம் என்றான் ஒருவன். செவ்வாய்க்கிழமை போனேன். புதன்கிழமையும் போனேன்.

வாட்ச்மேன் பேச்சிமுத்து இன்னும் அங்கேதான் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஏட்டி கருத்தம்மா, போயிரு. மேனேஜரு பாத்தா எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்" என்றார்.

"நீருதான அவிய கழுத்துல சணலை மாட்டுனது?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் என் பக்கமே பார்க்கவில்லை. நாலாம் நாள் நான் சொல்லி முடித்ததும் தானாக எழுந்து வந்து, போகிற ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு நான் வேற யார் பையையும் பாக்கல. தனுஷ்கோடிதான் வந்து, பால்சாமி பைய மட்டும் தொறந்து பாருன்னாரு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. வாயத் தொறக்கல." அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "பால்சாமின்னா யாருக்கா? எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள்.

எப்படி இருப்பார்? எட்டு வருஷமாக நாலு கோன் தொங்குகிற ஒரு நெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் இருந்த மனுஷனை நான் எங்கேயோ தொலைத்துவிட்டேன். நின்று யோசித்துச் சொன்னேன். கறுப்பாக, ஒல்லியாக இருப்பார். சுண்டவத்தல் இல்லாமல் சோறு இறங்காது. நாய்க்குப் பயப்பட மாட்டார், கோழிக்குப் பயப்படுவார். மகளுக்குத் தலை பின்னத் தெரியும், என்னைவிட நன்றாகப் பின்னுவார். அந்தப் பிள்ளைகள் "கோழிக்கா பயம்?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு கேட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

பத்தொன்பதாம் நாள் தனுஷ்கோடி வந்தான். வெள்ளை ஜிப்பா, கையில் கறுப்பு அட்டைப் புத்தகம். நான் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான். கேட்டுக்கு உள்ளே அவன் மகன் சங்கிலிப்பாண்டி அட்டெண்டன்ஸ் நோட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"புத்தகத்த பேச்சிமுத்து அண்ணன்கிட்ட குடும்" என்றேன். "மகா பாவி, ஆண்டவர் தொட்டாரு, அந்தப் பேச்செல்லாம் இங்க வேண்டாம். உம்ம பேரு, அவிய பேரு, கோனு. அம்புட்டுதான்."

கொடுத்தான். கையில் ஒன்றும் இல்லாமல் போனதும் அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. சங்கு ஊதியது. ஜனம் வந்தது.

"நான் தனுஷ்கோடி. இங்க மேஸ்திரியா இருந்தேன். பால்சாமி கோன் திருடல. நான் திருடினேன். அவன் பையில நாலு கோன நான்தான் வச்சேன்."

அல்லேலூயா இல்லை. கஞ்சிரா இல்லை. முந்நூறு பேர் நின்று அவனைப் பார்த்தார்கள். வயசான ஒரு ஆள் காறித் தரையில் துப்பிவிட்டு நடந்தார். சங்கிலிப்பாண்டி நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். தனுஷ்கோடியைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் பார்த்த முகம் இல்லை இது. செய்தவன் முகம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு நிறைந்து, உச்சந்தலை குளிர்கிற மாதிரி சந்தோஷம். பாவமென்றால் பாவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"மன்னிச்சிட்டியா தாயி?" என்றான்.

"எண்ணூறு பேரு அவியள கேட்டுல பாத்தாங்க. இன்னைக்குக் கேட்டது முந்நூறு பேரு, அதுலயும் பாதி புதுசு. பழைய ஆளுக வேலைய விட்டுட்டு ஆலங்குளத்துல இருக்காக, கூமாப்பட்டியில இருக்காக, புதுப்பட்டியில இருக்காக. ஒவ்வொரு வீடாப் போயி இதே மாதிரி வெறுங்கையோட சொல்லும். ஊர் ஊராப் போறதுதான உம்ம வேல."

"செத்துப்போனவங்க வீட்டுக்கு?"

"பிள்ளைக இருப்பாகல்லா. அவுககிட்ட சொல்லும்."

என்னை விட்டுவிடு என்று கெஞ்சுவான் என்று பார்த்தேன். கெஞ்சவில்லை. பேச்சிமுத்துவிடம் பழைய ஆட்களின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தான். அடுத்த வாரம் சங்கிலிப்பாண்டிக்கு மில்லில் வேலை போனது. அவன் ஆட்டோ ஓட்டுகிறதைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அவன் என்ன செய்தான், பாவம்.

தனுஷ்கோடி நாலு வருஷம் போனான். கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் போவதில்லை என்று ஞானபாக்கியம் சொன்னாள். வெறும் சட்டையோடு பஸ்ஸில் போய் இறங்கி, வீட்டு வாசலில் நின்று அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவானாம். சில வீட்டில் உட்காரச் சொன்னார்களாம். சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். ஆலங்குளத்தில் என் மகளைப் பார்த்துவிட்டுப் போன குடும்பத்துக்கும் போயிருக்கிறான். மறுமாதமே அவர்கள் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். அப்போது கேட்காதவர்களுக்கு இப்போது எதற்கு என் மகள் என்று காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவைத்தேன். பரிபூரணம், "நல்லாச் செஞ்சம்மா" என்றாள். அவளுக்குப் பிறகு கூமாப்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு விசாரிக்கத்தான் செய்தார்கள். டீக்கடைக்காரனே சொன்னானாம், அவிய கோன் எடுக்கலை என்று.

தொண்ணூற்றியாறு கார்த்திகையில் தனுஷ்கோடி செத்துப்போனான் என்று ஞானபாக்கியம் வந்து சொன்னாள். இந்தத் தடவை அவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள். முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் சபை ஜனம் பாடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பாட்டு நின்றது. நேரே உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெலிந்து போயிருந்தான். செருப்புப் போட்டு நடந்து நடந்து காலில் வார் பட்ட இடம் வெளுத்திருந்தது. அழுகை வரவில்லை. எறிவதற்கு மண்ணையும் தேடவில்லை.

சங்கிலிப்பாண்டி பின்னாலேயே வந்தான். கண் சிவந்திருந்தது.

"எங்கப்பா கடைசி வரைக்கும் ஒங்க வாயத்தான் எதிர்பாத்துக் கெடந்தாரு. இப்பமாவது மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா" என்றான்.

"எத்தன வீடு மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கோடு போட்டு அடிக்காத பெயர்கள் நாற்பத்தொன்று இருந்தன. அதில் ஏழு வத்திராயிருப்புப் பக்கம்.

"ஆட்டோவ எடு. பதினாறாம் நாள் ஜெபம் முடியட்டும், மறுநாள் காலையில போவோம்" என்றேன்.